80களின் ஐஸ் ஹாக்கிக்கும் இன்றைய என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பனித்தரை கேட்டது:

வணக்கம். 1984 ஸ்ரான்லி கப் இறுதிப்போட்டியையும் (எட்மன்ரன் – நியூயோர்க் ஐலண்டேர்ஸ்) 2022 இறுதிப்போட்டியையும் (கொலராடோ – ரம்பா பே) அடுத்தடுத்துப் பாத்தால் ரெண்டும் ஒரே விளையாட்டு எண்டு சொல்லேலாமல் கிடக்கு. மூண்டு விசயம் விளங்கேல்லை. 80களில கோல்கீப்பர்மார் ஏன் அப்பிடி நிண்டுகொண்டே கோல் விடுகினம்? 90களின்ர கடைசியில கோல் ஏன் அப்பிடி வத்திப் போச்சு? இப்ப எல்லாரும் ஏன் முக்கால் நிமிசத்துக்குள்ள பெஞ்சுக்குத் திரும்பி ஓடினம்?

"இப்பத்தைப் பெடியள் நல்ல ஃபிட்" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அது தெரியும். விதி மாறினது எண்டால் எந்த வருசம், எந்த விதி, அதால ஆட்டத்தில என்ன நடந்தது எண்டு சொன்னால் நல்லம்.

---

நடுக்கோடு பதில்:

உடல்தகுதியைக் கடைசியில் வைப்போம். இந்த ஆட்டத்தின் வரலாறே பயிற்சியாளர்கள் ஒரு பூட்டைக் கண்டுபிடிப்பதும் லீக் விதியை மாற்றி அதைத் திறப்பதும்தான்.

1928-29 சீசனில் மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22இல் ஒரு கோல்கூட விடவில்லை. அவர் திறமைசாலிதான். ஆனால் அன்றைக்கு எதிரணிப் பகுதிக்குள் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) முன்னோக்கி பாஸ் செய்யவே தடை இருந்தது. அடுத்த சீசனில் எல்லாப் பகுதியிலும் அனுமதித்தார்கள். உடனே ஆட்கள் கோல் வாசலிலேயே போய் நின்றுகொண்டு பக் வரட்டும் என்று காத்திருந்தார்கள். பக் தாண்டுவதற்கு முன் யாரும் எதிரணிப் பக்க ப்ளூ லைனை (நடுப்பகுதியையும் அவர்கள் பகுதியையும் பிரிக்கும் நீலக் கோடு) தாண்டக் கூடாது என்று 1929 டிசம்பரில் விதி போட்டு அதை நிறுத்தினார்கள். அப்படியும் ஓர் ஆட்டத்துக்கான சராசரி (இரு அணிகளுக்கும் சேர்த்து) 3க்குக் கீழிருந்து கிட்டத்தட்ட 6 கோல் ஆகிவிட்டது.

நடுவில் இருக்கும் ரெட் லைன் 1943இல் வந்தது, ஆட்டத்தை வேகப்படுத்தத்தான். அதுவரை சொந்த ப்ளூ லைனைத் தாண்டி பாஸ் கொடுக்க முடியாது, ஸ்கேட் செய்து கொண்டுபோய்த்தான் வெளியேற வேண்டும். எதிரணி ஐந்து பேரையும் உள்ளே அனுப்பி அடைத்து வைத்துவிடும். ரெட் லைன் வரை பாஸ் போகலாம் என்றதும் அந்த முற்றுகை உடைந்தது. வேடிக்கை என்னவென்றால், 50 வருடம் கழித்து அதே கோடுதான் ஆட்டத்தின் கழுத்தைப் பிடித்தது.

80களுக்கு முன்னோட்டம் 70களில் இருக்கிறது. பாபி ஆர் டிஃபன்ஸ் வீரராக இருந்துகொண்டே 1969-70இல் 120 புள்ளிகள் (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்ந்த கணக்கு) எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். பின்னால் நிற்பவன் முன்னால் போகலாம் என்று அதுவரை யாரும் அந்த அளவுக்கு நம்பியதில்லை. 1972இல் சோவியத் அணி கனடாவுக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே 7-3 என்று ஜெயித்தது. அவர்கள் வழி அடைபட்டால் பக்கைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எறிய மாட்டார்கள். பின்னால் பாஸ் கொடுத்து, ஐந்து பேரும் இடம் மாற்றிக்கொண்டு, மறுபடி புறப்படுவார்கள். அந்தத் தொடரைக் கனடா கடைசி ஆட்டத்தில் 34 வினாடி மீதியிருக்கையில் ஹெண்டர்சன் அடித்த கோலால்தான் வென்றது. இதைப் பார்த்துவிட்டு எல்லாரும் உடனே மாறினார்கள் என்று நினைக்காதீர்கள். 1974, 75 இரண்டு கோப்பையையும் வென்றது அடிதடிக்குப் பேர்போன ஃபிலடெல்ஃபியா. அந்த அணியின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75இல் பெற்ற 472 பெனால்டி நிமிடங்கள் (விதிமீறலுக்கு விதிக்கும் தண்டனை நேரம்) இன்றுவரை சாதனை. ஐரோப்பிய பாணியை முதலில் நன்றாக உள்வாங்கியது போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ.யின் வினிபெக். பாபி ஹல்லுடன் ஸ்வீடனின் ஹெட்பெர்க், நில்சன். எட்மன்டனின் கிளென் சாதர் அதைப் பார்த்துத்தான் தன் அணியைக் கட்டினார். கிரெட்ஸ்கி, குரி, காஃபி, மெஸ்ஸியே எல்லாரும் ஒரே அணியில். 1983-84இல் 446 கோல், அது இன்னும் முறியாத கணக்கு. 1981-82இல் லீக் சராசரி ஆட்டத்துக்கு 8 கோலைத் தாண்டியிருந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: கோல் ஏன் வற்றியது. 1995 இறுதிப்போட்டியில் ஜாக் லெமேர் பயிற்சி கொடுத்த நியூ ஜெர்சி, அந்த சீசனின் முதலிட அணியான டெட்ராய்டை 4-0 என்று துடைத்தது. ஆயுதம் நியூட்ரல் ஸோன் ட்ராப், அதாவது நடுப்பகுதியில் வைக்கும் பொறி. அதன் வேலை இப்படி:

எதிரணி தன் வலைக்குப் பின்னாலிருந்து புறப்படும்போது நம் முதல் ஃபார்வர்ட் பக்கைத் துரத்தமாட்டார். சாய்வாக வந்து பக் வைத்திருப்பவரை ஒரு பக்கச் சுவரை நோக்கி ஒதுக்குவார், அவ்வளவுதான். மற்ற இரு ஃபார்வர்டுகள் நடுப்பகுதியில் குறுக்கே நிற்பார்கள். இரு டிஃபன்ஸ்காரர்கள் நம் ப்ளூ லைன் அருகில். சுவர் ஓரம் வந்தவருக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நம் ஆள். நீளமான பாஸ் கொடுத்துத் தப்பிக்கலாமே என்றால், தன் ப்ளூ லைனுக்குப் பின்னாலிருந்து ரெட் லைனுக்கு அப்பால் கொடுக்கும் பாஸ், அதாவது இரண்டு கோடு தாண்டும் பாஸ், அன்றைக்கு விதிமீறல். ஆக மிச்சம் ஒரே வழி: ரெட் லைன் வரை தடுமாறி வந்து பக்கைக் கோடிக்கு எறிவது. அங்கே மார்ட்டின் ப்ராடோர் வலைக்குப் பின்னால் வந்து பக்கை எடுத்து, மூன்றாவது டிஃபன்ஸ்காரர்போல வெளியே அனுப்பிவிடுவார். எதிரணியின் முயற்சி முழுவதும் வீண்.

இதற்குப் பெரிய நட்சத்திரங்கள் தேவையில்லை, ஒழுங்கு போதும். 1991இலிருந்து 2000 வரை லீக் 21 அணிகளிலிருந்து 30 ஆக வீங்கியது. புது அணிகளுக்கு இது மலிவான மருந்து. ஃப்ளோரிடா தன் மூன்றாவது சீசனிலேயே, 1996இல், இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு ஸ்டிக்கால் இடுப்பைக் கொக்கிபோட்டு இழுப்பதை நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மாரியோ லெமியூ 1992இலேயே இதை வெளிப்படையாகச் சாடினார், யாரும் கேட்கவில்லை. 2003-04இல் சராசரி 5.14 கோலுக்கு இறங்கியது.

அடுத்த சீசன் முழுவதும் ஊதியத் தகராறில் போனது. 2005-06இல் திரும்பியபோது கட்டுக்கட்டாக விதி மாற்றம்: இரண்டு கோடு பாஸ் இனி சரி. வலைக்குப் பின்னால் சரிவகம் வரைந்து, கோல் லைனுக்குப் பின்புறம் அதற்கு வெளியே கோல்கீப்பர் பக்கைத் தொட்டால் பெனால்டி. ஐசிங் செய்த (ரெட் லைனுக்குப் பின்னாலிருந்தே பக்கை எதிரணியின் கோல் லைன் தாண்டி எறிந்த) அணி ஆள் மாற்ற முடியாது. சொந்தப் பகுதியிலிருந்து பக்கை நேராகக் கண்ணாடிக்கு மேல் அடித்து வெளியேற்றினால் 2 நிமிடம். ப்ளூ லைன்களை நகர்த்தி நடுப்பகுதியை 54 அடியிலிருந்து 50 ஆக்கினார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கொக்கி போடுவதற்கு விசில் ஊதத் தொடங்கினார்கள். அந்த சீசனில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 6 பவர் பிளே (எதிராளி தண்டனையில் இருப்பதால் ஆள் கூடுதலாக ஆடும் நேரம்) வரை கிடைத்தது. சராசரி 6 கோலைத் தாண்டியது.

---

நாலுக்கு_ஆறு பதில்:

நடுக்கோடு சொன்ன வரலாறு சரி. ஆனால் விதிதான் எல்லாம் என்றால் ஒன்று இடிக்கிறது. 2005க்குப் பிறகு விதி பெரிதாக மாறவே இல்லை. 2015-16இல் சராசரி மறுபடி 5.5க்குக் கீழே போய்விட்டது. பெனால்டி குறைந்தது பாதிக் காரணம், மீதிப் பாதி வலைக்கு முன்னால் நிற்கிறவர்.

கோல் 4 அடி உயரம், 6 அடி அகலம். இது மாறவே இல்லை. அதை மூடும் விதம்தான் மாறியது. 80களின் கோல்கீப்பர்கள் நின்று ஆடியது சோம்பலால் அல்ல. கால் பேட் தோல், உள்ளே மான் முடி. தண்ணீர் குடித்து மூன்றாவது பீரியடில் (ஆட்டத்தின் கடைசி மூன்றிலொரு பங்கு) கனத்துப்போகும். மார்புக் கவசம் மெல்லியது, தோளில் பக் பட்டால் வலி உயிர் போகும். முழங்கால் போட்டு உட்கார்ந்தால் முகம் ஷாட்டின் உயரத்துக்கு வந்துவிடும். 1959 நவம்பர் 1 அன்று ஆண்டி பாத்கேட்டின் ஷாட் முகத்தைக் கிழித்த பிறகுதான் ஜாக் பிளான்ட் முகமூடியோடு ஆடினார், அதுவும் பயிற்சியாளரோடு மல்லுக்கட்டி. அதனால் நின்றபடி காலாலும் ஸ்டிக்காலும் தடுப்பது, முன்னே வந்து கோணத்தைக் குறுக்குவது, இரண்டு பேடையும் சேர்த்துப் பக்கவாட்டில் சறுக்குவது என்று ஆடினார்கள்.

பட்டர்ஃப்ளை என்பது முழங்கால்களை உள்பக்கமாக மடக்கி, இரு பேடும் பனியோடு ஒட்டி இரு பக்கமும் விரிய அமர்வது. கிளென் ஹால் 50களிலேயே அதன் ஒரு வடிவத்தை ஆடினார். ஆனால் அதை எல்லோரும் கற்கும் பாடமாக்கியது பாட்ரிக் ரூவாவும் பயிற்சியாளர் ஃபிரான்சுவா அலேரும். தர்க்கம் எளிது: ஷாட்டுகளில் பெரும்பங்கு கீழ்ப்பாதிக்குத்தான் வருகிறது, அதைச் சுவராக்கிவிடு. மேல் மூலையை மட்டும் விடு, அங்கே அடிக்கத் துல்லியம் வேண்டும். செயற்கைப் பொருளால் செய்த இலகுவான பேட், நல்ல முகக்கவசம், பருத்த தோள் கவசம் வந்ததும் இது சாத்தியமானது. 2005இல் பேட் அகலத்தை 12 அங்குலத்திலிருந்து 11 ஆக்கினார்கள், 2017, 2018இல் கால்சட்டையையும் மார்புக் கவசத்தையும் ஒட்டி வெட்டினார்கள். உத்தி அதற்குள் வேரூன்றிவிட்டது.

எண்ணாகப் பாருங்கள். 80களின் தொடக்கத்தில் 100 ஷாட்டுக்கு 12, 13 உள்ளே போகும். 2015-16 வாக்கில் 8, 9. ஓர் அணி 30 ஷாட் அடிப்பதாக வைத்தால், இந்த வித்தியாசம் மட்டுமே இரு அணிக்கும் சேர்த்து 2 கோலுக்கு மேல் வருகிறது. கிரெட்ஸ்கியின் 92 கோல் சீசனைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். அது அவர் பெருமையைக் குறைக்காது, அதே வலைகளை எதிர்கொண்ட வேறு யாரும் 92 அடிக்கவில்லையே.

கடந்த சில சீசன்களில் 100க்கு 10 வரை மறுபடி போகிறது. அடிப்பவர்கள் பாடம் படித்துவிட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு. நேரே பார்த்து அடிக்கும் ஷாட்டை இன்றைய கோல்கீப்பர் விடமாட்டார் என்று தெரிந்த பிறகு, ரிங்கின் நீளவாட்டு மையத்தைக் குறுக்கே தாண்டும் பாஸைத் தேடுகிறார்கள். பட்டர்ஃப்ளையில் இறங்கியவர் மறுபக்கம் தள்ளிப்போய்ச் சேர ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தில் அடித்தால் வலை பாதி காலி. இன்னொன்று, பக் கோல் லைனுக்கு அருகில் இருக்கும்போது கோல்கீப்பர்கள் ஒரு காலைக் கம்பத்தோடு ஒட்டி மடக்கிச் சாய்ந்து நிற்பார்கள். சீக்கிரமே அப்படி இறங்கிவிட்டால் கம்பத்துப் பக்கம் காதுக்கு மேலே ஒரு பக் அளவு ஓட்டை திறக்கும். அதைக் குறிவைத்தே இப்போது பயிற்சி.

ஸ்டிக்கையும் மறக்க வேண்டாம். மரத்தில் ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட்தான் வேகம். 2000 வாக்கில் ஒரே துண்டான கார்பன் ஸ்டிக் வந்தது. அதில் அச்சிட்டிருக்கும் ஃப்ளெக்ஸ் எண், தண்டை 1 அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது. 85 என்றால் 85 பவுண்டு. உடம்பு எடையைச் சாய்த்து வளைத்து விட்டால் கை ஓங்காமலே பக் பறக்கிறது. ஓங்கும் நேரத்தில் முன்னால் ஒருவர் விழுந்து மறித்துவிடுவார் என்பதால் தூரத்து ஸ்லாப் ஷாட் இன்று அபூர்வம். கார்பன் ஸ்டிக்கின் குறை, சொல்லாமல் உடையும். பவர் பிளே நடுவில் ப்ளூ லைனில் நிற்பவர் கையில் உடைந்தால் எதிரணிக்கு நேரே ஓட்டம்தான்.

---

பனித்தரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப பக்கை உள்ளுக்கு எறிஞ்சு துரத்திற ஆட்டம் பிழையெண்டே சொல்லுறியள்? ரொறன்ரோ ஆட்டங்களில வர்ணனையாளர்மார் இண்டைக்கும் "ஆழத்தில போடு" எண்டுதான் கத்தினம். மற்றது, அந்த ஷிஃப்ட் (ஒரு ஆள் பெஞ்சுக்குத் திரும்பு முன்னம் ஆடுற நேரம்) கேள்வியை ஒருத்தரும் தொடேல்லை.

---

ஷிஃப்ட்45 பதில்:

ஷிஃப்ட்டிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. ஃபில் எஸ்போசிட்டோ காலத்தில் (70களில்) நட்சத்திரங்கள் 2 நிமிடம்வரை தரையில் இருப்பார்கள். எல்லாரும் அப்படியே இருந்ததால் எல்லாரும் சேர்ந்தே களைத்தார்கள், அதனால் யாருக்கும் பாதகமில்லை. ஓர் அணி 45 வினாடிக்கு ஒருமுறை புது ஆட்களை இறக்கத் தொடங்கினால் 2 நிமிடம் ஆடுகிறவன் கடைசி ஒரு நிமிடம் பிணம். அதனால் அனைவரும் குறைக்க வேண்டியதாயிற்று. முழு வேகத்தில் ஸ்கேட் செய்தால் கால் 40, 45 வினாடியில் எரியத் தொடங்கும், அதுதான் எல்லை. நான்கு வரிசையும் (மூன்று ஃபார்வர்டுகள் கொண்ட குழுக்கள்) சுழல வேண்டும் என்றானதும் சண்டைக்காக மட்டும் வைத்திருந்த நான்காம் வரிசை ஆளுக்கு இடமில்லாமல் போயிற்று. 2005இல் வந்த சம்பள உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது. ஆட்டத்துக்கு 5 நிமிடம்கூட ஆடத் தெரியாதவருக்கு ஓர் இடத்தை யார் ஒதுக்குவார்கள்? சண்டை குறைந்ததற்கு அறநெறியைவிட இந்தக் கணக்குதான் காரணம் என்பேன். தலையில் இடிப்பதற்கு எதிரான விதியும், 2013-14இலிருந்து புதிதாக வருபவர்களுக்குக் கட்டாயமான கண்மறைப்பும் மிச்சத்தைச் செய்தன.

எறிந்து துரத்துவது பிழையில்லை, விலை தெரியாமல் செய்வதுதான் பிழை. ப்ளூ லைனைப் பக்கோடு தாண்டி நுழைவதையும் எறிந்துவிட்டு நுழைவதையும் எரிக் துல்ஸ்கி போன்றவர்கள் ஆட்டம் ஆட்டமாக எண்ணிப் பார்த்தார்கள். பக்கோடு நுழைந்தால் கிடைக்கும் ஷாட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பதிவுகள் எழுதிக்கொண்டிருந்த அந்த துல்ஸ்கி 2024இல் கரோலினாவின் ஜெனரல் மேனேஜர் ஆனார், அதிலிருந்தே மாற்றம் புரியும். ஆனாலும் மூன்று சமயத்தில் எறிவதே சரி: ப்ளூ லைனில் மூன்று பேர் வரிசையாக நிற்கும்போது, உங்கள் கூட்டாளிகள் பெஞ்சுக்கு மாறிக்கொண்டிருக்கும்போது, 1 கோல் முன்னிலையில் கடைசி நிமிடங்களில். ப்ளூ லைனில் பறிகொடுப்பதுதான் மிக மோசம். உங்கள் ஆட்கள் எல்லாரும் முன்னே பாய்ந்துகொண்டிருப்பார்கள், எதிரணி காலி மைதானத்தில் திரும்பி ஓடும். சரியாக எறிவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கோல்கீப்பர் எட்டாதபடி சுவரை ஒட்டிய மூலைக்கு, அதுவும் நம் வேகமான விங்கர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு. நின்றுகொண்டிருப்பவனுக்காக எறிந்தால் அது பக்கைத் தானம் செய்வது.

டிஃபன்ஸ் வீரர்கள் இன்று நான்காவது ஃபார்வர்ட். கேல் மகார், க்வின் ஹியூஸ் இருவரும் ப்ளூ லைனில் குறுக்காக ஸ்கேட் செய்து காவலரை இழுத்துக்கொண்டே இடம் மாறுவதைப் பாருங்கள். எரிக் கார்ல்சன் 2022-23இல் 101 புள்ளி எடுத்தார். இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: டிஃபன்ஸ்காரர் சுவரோரம் இறங்கிப் பக்கைப் பிடிக்கப் போகும்போது மூன்றாவது ஃபார்வர்ட் மேலேறி அவர் இடத்தை நிரப்ப வேண்டும். அவர் மறந்தால் இரண்டுக்கு ஒன்று, அதாவது பாய்ந்து வரும் எதிரணி இருவருக்கு நம் ஒரே டிஃபன்ஸ்காரர். இளையோர் ஆட்டங்களில் திரும்பத் திரும்ப விழும் ஓட்டை இதுதான்.

பவர் பிளே முன்பு மூன்று ஃபார்வர்ட், ப்ளூ லைனில் இரண்டு டிஃபன்ஸ். இப்போது பெரும்பாலும் நான்கு ஃபார்வர்ட், ஒரு டிஃபன்ஸ், 1-3-1 அமைப்பு. மேலே ஒருவர், வலைமுன் ஒருவர், நடுவில் குறுக்கே மூவர். பக்கங்களில் நிற்பவர்கள் தங்கள் ஸ்டிக் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பார்கள், குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமல் அடிக்க வசதி. வாஷிங்டனின் ஒவேச்கின் இடது வட்டத்தில் நின்று அடித்த கோல்களைப் பாதி உலகம் அறியும். தெரிந்தும் தடுக்க முடியாததற்குக் காரணம் நடு ஆள்: அவரை விட்டுவிட்டு ஒவேச்கின் பக்கம் போனால் வலைக்கு நேரே திறப்பு. கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை 2025 ஏப்ரல் 6 அன்று அவர் கடந்த கோலும் பவர் பிளேயில், அதே இடது வட்டத்திலிருந்துதான்.

---

நடுக்கோடு:

ஒரு சேர்க்கை. ட்ராப் 2005இல் செத்துவிடவில்லை, வடிவம் மாறியது. 2011 நவம்பர் 9 அன்று ரம்பா பே 1-3-1 அமைப்பில் நடுப்பகுதியில் அசையாமல் நின்றது. ஃபிலடெல்ஃபியாவின் டிஃபன்ஸ்காரர்கள் முன்னேறவே மறுத்துச் சொந்தப் பகுதியில் பக்கை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள், நடுவர் விசில் ஊதும்வரை. தேடிப் பாருங்கள், ட்ராப்பை விளக்க அதைவிட நல்ல படம் இல்லை. இதே ஃபிலடெல்ஃபியா 1976 ஜனவரியில் சோவியத் ராணுவ அணியை 4-1 என்று வென்றபோது நால்வரை நடுவில் நிறுத்தித்தான் அவர்கள் ஓட்டத்தை அடைத்தது. எல்லாரும் அதில் நடந்த அடிதடியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

---

பனித்தரை:

விளங்குது. கடைசியா ஒண்டு: இப்பத்தை ஆட்டத்தில இதுகளை நேரில பிடிச்சுப் பாக்க எந்த நேரத்தைப் பாக்க வேணும்?

---

ஷிஃப்ட்45:

இரண்டாவது பீரியட். அணிகள் பக்கம் மாறுவதால் பெஞ்ச் தங்கள் தற்காப்புப் பகுதியிலிருந்து தூரமாகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மாற முடியாமல் 60, 70 வினாடி ஆகும்போது கால் நின்றுவிடும். இரண்டாவது பீரியடில் கோல் கூடுவதற்கு இது முக்கியக் காரணம். அந்த நேரத்தில் ஓர் அணி ஐசிங் செய்தால் கேமரா பெஞ்சைக் காட்டாது, நீங்கள் தரையில் இருக்கும் ஐந்து பேரைப் பாருங்கள்: குனிந்து ஸ்டிக்கை முழங்காலில் ஊன்றியிருப்பார்கள், எதிரணி புதிய முதல் வரிசையை இறக்கும். பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டுக் காப்பாற்றவும் முடியாது, ஐசிங்குக்குப் பின் அதற்கு அனுமதியில்லை. அடுத்த 20 வினாடியில் பக் வலது, இடது, வலது என்று குறுக்கே போகும். கோல்கீப்பர் முழங்காலில் தள்ளித் தள்ளிப் போவார்.